தூணுக்குள் புகுந்த சிங்கம்

சம்மன் வந்த அன்று காலை வரைக்கும் அவர் வசதியான ஆள்தான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, அனுமந்தபுரம் ரோட்டில் வாங்கிப் போட்ட இரண்டு மனையும் இன்றைக்கு என்ன விலைக்குப் போகும் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஓ.டி.யோடு சேர்த்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று மச்சானிடம் விரல் விட்டுக் கணக்குக் காட்டியவர். பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். செங்கல்பட்டு குடும்ப நல நீதிமன்றம், ஜீவனாம்ச மனு, இன்ன தேதியில் ஆஜராக வேண்டும். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஆள் பரம ஏழை. மனை அம்மாவுடையது. கார் தம்பியுடையது, இவர் சும்மா ஓட்டிப் பார்ப்பார். வேலை போய்விட்டது. முதுகில் டிஸ்க் விலகி ஆறு மாதமாகிறது, சர்டிபிகேட் நாளைக்கு வந்துவிடும். புயலடித்து, ஏரி உடைந்து, வீடு முழுகியவர்கள்கூட இத்தனை வேகத்தில் ஏழையானதில்லை.

இவருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் இவர்தான் குடியிருக்கிறார். ஊர்ப் பெயரை ஒட்டி, சிங்கம் என்று வைத்துக்கொள்வோம். பிரகலாதன் கதையில் அநியாயத்தைத் தட்டிக் கேட்கத் தூணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது ஒரு சிங்கம். நம்மூர்ச் சிங்கம் வாய்தா என்ற சொல்லைக் கேட்டதும் மனை, சம்பளம், சவரன் எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு தூணுக்குள் புகுந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது.

வெளியே நிற்பவள் அவனோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். கையில் ஒரு பிள்ளை. ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி தாண்டிவிட்டது. அவளிடம் நீதிமன்றம் கேட்கிற முதல் கேள்வி: “உன் புருஷனுக்கு என்ன வருமானம்மா? ஆதாரம் இருக்கா?”

இருக்குமா? சம்பளச் சீட்டை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்றாம் தேதி கையில் எண்ணி வைத்த பன்னிரண்டாயிரம்தான் அவளுக்குத் தெரிந்த பொருளாதாரம். அதிலும் பால்காரருக்கும் சீட்டுக்கும் போக மிஞ்சியதில் மிச்சம் பிடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த இரண்டாயிரத்தைப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியாம பணம் பதுக்குறியா?” என்று கேட்டவன் இவன்தான். பதுக்குவதைப் பற்றி அவனுக்கு அப்போதே நல்ல தெளிவு இருந்திருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாடலாத்ரி மலையைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கோயில். அர்ச்சகர் நரசிம்மரின் நெற்றியில் இருக்கிற திருநாமத்தை மெல்ல விலக்கி, தீபத்தைக் கிட்டே கொண்டுபோய், மூன்றாவது கண்ணைக் காட்டுவார். பார்ப்பவர்களுக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்க்கும். கல்யாணம் ஆக வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பின்பக்கத்து அழிஞ்சில் மரத்தில் துணி கட்டுகிறார்கள். கல்யாணம் செய்துகொள்பவனின் பேங்க் ஸ்டேட்மென்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அங்கே யாரும் துணி கட்டியதாகத் தெரியவில்லை. மூன்றாவது கண் உண்மையில் தேவைப்படுவது அதற்குத்தான்.

உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு கண்ணைத் திறக்கப் பார்த்தது. 2020 நவம்பர் 4, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கு. ஜீவனாம்சம் கேட்கிறவர், கொடுக்க வேண்டியவர், இருவருமே சொத்து, வருமானம், கடன் அத்தனையையும் சத்தியப் பிரமாணமாக எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு. எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம் அவகாசம். சும்மா இழுத்தடித்தால் அவர் தரப்பு வாதத்தையே தள்ளிவிடலாம். கல்யாணமான பிறகு யார் யாருக்கு எந்தச் சொத்தை மாற்றிக் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய் என்றுகூட அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை எழுதிய நீதிபதிகளுக்கு நம் சிங்கத்தை எங்கோ நேரில் பார்த்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். அந்த வழக்கிலேயே அந்தப் பெண்ணின் இடைக்கால ஜீவனாம்ச விவகாரம் ஏழு வருஷமாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியிருந்தது. ‘இடைக்காலம்’ ஏழு வருஷம்! குழந்தை அதற்குள் பால் பல் விழுந்து, புதுப் பல் முளைத்து, இரண்டாம் வகுப்பு முடித்துவிடும்.

படிவம் வந்தது. கூடவே படிவத்தை நிரப்பும் கலையும் வந்துவிட்டது. அசையாச் சொத்து: இல்லை. அசையும் சொத்து: இல்லை. வருமானம்: இல்லை. வாகனம்: இல்லை. முதலீடு: இல்லை. கடன் என்ற இடத்துக்கு வந்ததும் மட்டும் பேனாவுக்கு உயிர் வரும். மாமாவிடம் கைமாற்று நான்கு லட்சம், சித்தப்பாவிடம் மூன்று லட்சம், நண்பர் ஒருவரிடம் இரண்டு லட்சம், எல்லாம் ரொக்கம், எதற்கும் சீட்டு இல்லை. வக்கீல் இதைத் தட்டச்சு செய்யும்போது கண்ணிமைக்கக்கூட மாட்டார். 2023-இல் உச்ச நீதிமன்றமே இன்னொரு வழக்கில், நாங்கள் சொன்ன படிவத்தைக் கீழ் நீதிமன்றங்கள் இன்னும் ஒழுங்காகக் கேட்டு வாங்குவதில்லையே என்று வருத்தப்பட்டு, தீர்ப்பை மறுபடி எல்லோருக்கும் அனுப்பி வைக்கச் சொன்னது. நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் தன் தீர்ப்புக்குத் தானே நினைவூட்டல் கடிதம் போட வேண்டியிருக்கிறது.

சிங்கம் அசையாச் சொத்தை எப்படி அசைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் ஒரு முற்பகல் நின்றால் போதும். ஜெராக்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் டாக்குமென்ட் ரைட்டர், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மா. எதற்கு வந்தோம் என்று அந்த அம்மாவுக்கு முழுசாகத் தெரியாது. “இங்க ஒரு ரேகை வெச்சுடும்மா, எல்லாம் உன் பேருக்குத்தான்” என்கிறான் மகன். முப்பது வருஷமாக அம்மாவுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தராதவன், நோட்டீஸ் வந்த வாரத்தில் இரண்டு மனையை எழுதி வைக்கிறான். தாய்ப்பாசத்துக்கும் தபால் துறைக்கும் உள்ள தொடர்பை யாராவது ஆராய்ச்சி செய்யலாம். வெளியாளுக்கு விற்றால் முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஐம்பதாயிரத்துக்குள் ஒரு மனிதன் சட்டப்படி பஞ்சையாகிவிடலாம். இவ்வளவு மலிவான வறுமை உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் டாக்குமென்ட் ரைட்டர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருந்து, அந்தச் சொத்தை வேறொருவருக்கு இனாமாகக் கொடுத்திருந்தால், வாங்கியவரிடமிருந்தும் அந்த உரிமையைக் கேட்கலாம். அம்மா காசு கொடுத்து வாங்கவில்லையே, இனாம்தானே. அதே சட்டத்தின் 53-ஆவது பிரிவு, கொடுக்க வேண்டியவர்களை ஏமாற்றுவதற்காகச் செய்த மாற்றத்தைச் செல்லாதென்று அறிவிக்க வழி விடுகிறது. தேதியே சாட்சி சொல்லும்: சம்மன் பத்தாம் தேதி, செட்டில்மென்ட் பதினேழாம் தேதி. வில்லங்கச் சான்றிதழை இன்றைக்குப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். சர்வே நம்பர் தெரிந்தால் போதும். சர்வே நம்பர் எங்கே இருக்கும்? பீரோவில். பீரோ சாவி? மாமியார் இடுப்பில்.

இதில் இன்னொரு கூத்து. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. நல்ல திட்டம். சிங்கத்துக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. மனைவி பெயரில் மனை வாங்கி, கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு, “உன் பேர்லதான் வாங்கியிருக்கேன் பாரு” என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனையும் செய்வார். பிரிவு வந்ததும் முதல் வழக்கு: அந்த மனை என் காசு, அவள் வெறும் பெயர்தான். அதாவது, சலுகை வாங்கும்போது அவள் பெண். கணக்குத் தீர்க்கும்போது அவள் பினாமி. கணவன் தன் கணக்கில் காட்டிய காசில் மனைவி பெயரில் வாங்கினால் அதைப் பினாமி என்று சொல்லவே கூடாதென்று பினாமிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதைப் படிக்க சிங்கத்துக்கு நேரமில்லை.

இப்படி ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கணவர் சவூதியில் வேலை பார்த்தார், பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார், மிச்சம் பிடித்தார், சொத்து சேர்ந்தது. திரும்பி வந்தவர் அத்தனையும் என் உழைப்பு என்றார். 2023 ஜூன் 21-இல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு, குடும்பம் நடத்திய மனைவிக்கும் அதில் சரிபாதி உண்டு என்றது. சமையல்காரர், மேலாளர், வீட்டு வைத்தியர், வீட்டுப் பொருளாதார நிபுணர் என்று அவள் பார்க்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு, லீவு இல்லாமல் இருபத்து நான்கு மணி நேரம் உழைப்பதைக் கணவனின் எட்டு மணி நேர வேலையோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்டது. மனைவியின் இந்தப் பங்களிப்பை நேராக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை, அங்கீகரிக்கக் கூடாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பதையும் நீதிபதி சொல்லிவிட்டார்.

சட்டம் ஏன் இல்லை? கொண்டுவரப் பார்த்தார்கள். கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் பிரிவோடு கல்யாணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்ட்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை வாசலில் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம் தேர்தல் வந்ததும் செத்துப்போனது. அதற்கு யாரும் இரங்கல் கூட்டம் நடத்தவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தேர்தல், எத்தனை ‘தாய்க்குலமே’! கோவாவில் மட்டும், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் போடாதவரை கல்யாணம் ஆனதும் சொத்து இருவருக்கும் பொது. நாம் வெள்ளைக்காரனை விரட்டியதைக் கொண்டாடுகிறோம். ஒரு பெண்டாட்டிக்கு நியாயம் கிடைக்க வேண்டுமானால் வேறொரு வெள்ளைக்காரன் விட்டுப்போன காகிதத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நம் மாநில அரசு 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து, அதற்கு உரிமைத் தொகை என்று பெயரும் வைத்தது. வீட்டு வேலைக்கு விலை உண்டென்று கோட்டையே ஒப்புக்கொண்ட பிறகும், செங்கல்பட்டுக் கோர்ட்டில் சிங்கத்தின் வக்கீல் கேட்கிறார்: “யுவர் ஆனர், மனுதாரர் வீட்டில் சும்மாதானே இருந்தார்?”

நகைக் கதை இதைவிட ருசி. ஐம்பது சவரனோ எண்பது சவரனோ, கல்யாண மண்டபத்தில் மைக்கில் அறிவிக்காத குறைதான். மறுநாள் காலையில், “இத்தனை நகையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற, அத்தைகிட்ட குடு, பத்திரமா இருக்கும்” என்பார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கேரள வழக்கில், முதலிரவு அன்றைக்கே கணவர் 89 சவரனையும் பத்திரத்துக்காக வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார் என்பதுதான் அந்தப் பெண்ணின் புகார். பத்திரம் எவ்வளவு பலமானதென்றால், நகை திரும்ப வரவே இல்லை. அவர்களுடைய பழைய கடனில் கரைந்துபோனது. 2003-இல் நடந்த கல்யாணம். இருபது வருஷம் கழித்து 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம், அது கணவன் மனைவி கூட்டுச் சொத்தே கிடையாது என்று மறுபடியும் அழுத்திச் சொன்னது. மறுபடியும் என்றால், 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொன்னதுதான். திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றும் அப்போதே சொல்லியாகிவிட்டது. நாற்பது வருஷமாக ஒரே பாடத்தை நீதிமன்றம் நடத்துகிறது. மாமியார் வீடுகள் அந்தப் பீரியடுக்கு மட்டும் வருவதில்லை.

நம்மூரில் நகை மாமியார் பீரோவில்கூட நிற்பதில்லை. மனை வாங்க அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், பேங்கில் வை. கார் டவுன் பேமென்ட், வை. நாத்தனார் கல்யாணம், வை. அடகுச் சீட்டு யார் பெயரில்? சிங்கத்தின் பெயரில். மீட்டுக்கொள்ளும் அதிகாரம் சீட்டில் பெயர் உள்ளவருக்கு. அவள் கழுத்திலிருந்து கழன்ற தாலிச் சங்கிலியை அவளால் கேட்டு வாங்க முடியாது. மனையில் கிடந்து டபுள் ஆகிக்கொண்டிருப்பது அவள் அப்பா ரிடையர்மென்ட் பணத்தில் வாங்கிப் போட்ட அந்தத் தங்கம்தான். டீக்கடையில் பெருமை பேசுகிறவன் யார் என்பதை இப்போது மறுபடி பாருங்கள்.

வீட்டுக் கடன் சமாச்சாரத்தில் மட்டும் மனைவிக்குத் தாராளமாக இடம் உண்டு. இரண்டு சம்பளம் காட்டினால் பேங்க் அதிகக் கடன் கொடுக்கும் என்று அவளையும் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வைப்பார்கள். பத்திரத்தில் அவன் பெயர், கடனில் இருவர் பெயர். பிரிந்ததும் அவன் தவணையை நிறுத்துவான். பேங்குக்கு விவாகரத்துத் தீர்ப்பெல்லாம் ஒரு காகிதம். முழுக் கடனையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும். வீடு அவனுக்கு, நோட்டீஸ் அவளுக்கு, சிபில் மதிப்பெண் வீழ்ச்சி அவளுக்கு. அவள் தனியாக ஒரு ஸ்கூட்டிக் கடன் கேட்டுப் போனால் அந்தப் பேங்கிலேயே தலையை ஆட்டுவார்கள்.

வேலை போய்விட்டது என்கிற நாடகத்துக்கு வருவோம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது நிஜமாகவே வேலை போனவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வயதில் மறுபடி பயோடேட்டா தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், பிள்ளை ஸ்கூலை மாற்றியவர்கள், அப்படியிருந்தும் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தவர்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்புகிற காரியம் இது: திங்கட்கிழமை ராஜினாமா, செவ்வாய்க்கிழமை மாமா கம்பெனியில் ‘கையில் காசு’ சம்பளத்தில் அதே வேலை, புதன்கிழமை கோர்ட்டில் கைகூப்பி, “ஒண்ணும் இல்லீங்கய்யா.” 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: உடம்பில் தெம்பிருந்தால் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். சம்பளம் ஒழுங்காகப் பேங்கில் வருகிறவரின் கதை வேறு. சிவில் நடைமுறைச் சட்டம் மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தைத் தொட ஆயிரம் வரம்பு வைத்தாலும், ஜீவனாம்ச டிக்ரி என்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவனுக்கு விட்டு மிச்சத்தை ஜப்தி செய்ய வழி வைத்திருக்கிறது. சிங்கம் ராஜினாமா செய்வதன் ரகசியம் இந்த மூன்றில் இரண்டு பங்கு.

கோயம்புத்தூர்ச் சிங்கம் ஒருவர் இதையெல்லாம் தாண்டிவிட்டார். 2024 டிசம்பரில், இடைக்கால ஜீவனாம்சமாக 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன குடும்ப நல நீதிமன்றத்துக்கு, அதில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக இருபது பைகளில் தூக்கிக்கொண்டு வந்தார். கால் டாக்ஸி ஓட்டுகிறவர். நீதிபதி நோட்டாக மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். அவர் பைகளைச் சுமந்துகொண்டு காருக்குப் போகும் வீடியோவை ஊரே சிரித்துக்கொண்டு பார்த்தது. கீழே கமென்ட் போட்ட ஆம்பிளைகளுக்கு அவர் ஹீரோ. அந்த நாணயங்களைச் சேகரிக்க எத்தனை கடை ஏறியிருப்பார், எத்தனை நாள் பொறுமையாக எண்ணியிருப்பார்! அந்தப் பொறுமையில் நூறில் ஒரு பங்கு வீட்டில் இருந்திருந்தால் கோர்ட் வரைக்கும் வந்திருக்காது. ஒருத்தியை அவமானப்படுத்தச் சில்லறை பொறுக்குகிறவனுக்கு ஒரு தகவல்: 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லுபடியாகும். அதற்கு மேல் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. நம் சில்லறைப் புத்தியின் வரம்பைப் பாராளுமன்றம் ஆயிரம் ரூபாய் என்று கச்சிதமாக அளந்து வைத்திருக்கிறது.

பெண்கள் யாரும் பொய் சொல்வதில்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறார்கள். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே வருமானம் இல்லையென்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால்தான் அந்தப் படிவம் இருவருக்கும். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி வருமானமில்லாத கணவனும் மனைவியிடம் செலவுக்குக் கேட்கலாம். இதுவும் சிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஐ.டி. கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் மனைவியை ‘வேலைக்குப் போகிற திமிர்’ என்று பத்து வருஷம் திட்டியவர், இப்போது அதே திமிரிலிருந்து மாதம் இவ்வளவு வாங்கித் தரும்படி மனு போடுகிறார்.

சட்டம் அவளுக்கு எப்போதாவது தாராளமாக இருந்ததுண்டா என்றால், வரலாறு சிரிக்கிறது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். தங்கம், அரிசி, பஸ் டிக்கெட் எல்லாம் ஏறின. அந்த ஐந்நூறு மட்டும் 2001 வரைக்கும் அசையாமல் நின்றது. நாடே கொந்தளித்த ஷா பானு வழக்கில் 1985-இல் சண்டை போட்ட தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு. கீழ் நீதிமன்றம் கொடுத்தது இருபத்தைந்து ரூபாய். இப்போது அந்த 125-ஆவது பிரிவு புதிய சட்டத்தில் 144 என்று எண் மாறியிருக்கிறது. இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ‘கூடியவரை’. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்பதைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு நிற்கிறவளைக் கேளுங்கள். அரை நாள் சம்பளம் போச்சு, ஆட்டோ காசு போச்சு, வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுத்தது போச்சு. கிடைத்தது அடுத்த தேதி.

ஆகவே, தங்கச்சி, உனக்கு யாரும் இலவசமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். பிரிந்து போகிறேன் என்று வாய் திறப்பதற்கு முன்னால் பீரோவைத் திற. அவன் சம்பளச் சீட்டு, பி.எஃப். யு.ஏ.என். எண், பான், மனைப் பத்திரத்தின் சர்வே நம்பர், அடகுச் சீட்டு, எல்.ஐ.சி. பாலிசி, எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுத்து உன் அண்ணனுக்கு அனுப்பு. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம், கழுத்தில் இருக்கிற நகைக்கு அதுதான் சாட்சி. உன் அப்பா வாங்கிய பில் அதைவிடப் பெரிய சாட்சி. உன் பேங்க் கணக்கில் இணைந்திருக்கிற போன் நம்பர் யாருடையது என்று பார். உன் ஏ.டி.எம். கார்டு அவன் பர்ஸில் இருந்தால் கணக்கு உன்னுடையது இல்லை. கூட்டுக் கணக்கில் இருப்பதை இரவோடிரவாக எவர் எடுத்தாலும் பேங்க் எதுவும் கேட்காது; பேங்குக்கு எழுதிக் கொடுத்து முன்கூட்டியே நிறுத்தி வை. உன் பி.எஃப்., உன் இன்சூரன்ஸ் எதிலும் நாமினியாக அவன் பெயரையே விட்டுவிட்டுச் செத்துப்போகாதே.

அவன் சொத்தை விற்கப் போகிறான் என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராதே. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, சொத்தை விற்கவும் லாக்கரைத் திறக்கவும் பேங்க் கணக்கை இயக்கவும், அவன் பெயரில் மட்டும் இருப்பதாக இருந்தாலும், தடை கேட்க வழி கொடுத்திருக்கிறது. அந்த 18-ஐப் பற்றி நம் ஊர் வக்கீல் அலுவலகங்களில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. 1987 சட்டப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, உன் வருமானத்தைக் கேட்கும் பேச்சே இல்லை. ராத்திரியில் அடி விழுந்தால் 181. உத்தரவு வாங்கிய பிறகு அவன் கட்டாமல் இருந்தால், பரவாயில்லை, மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. பாக்கி ஒவ்வொன்றையும் அது விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டால்தான் வாரண்ட். அவன் வக்கீல் அந்த ஒரு வருஷத்தைத்தான் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருப்பார்.

வாரண்ட் என்பது சாதாரணக் காகிதமில்லை, பெரிய மருந்து. ஜெய்ப்பூரில் 2023-இல் பதினோரு மாத பாக்கியில் பிடிபட்ட ஒருவரின் உறவினர்கள் 55,000 ரூபாயை ஏழு மூட்டை நாணயமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கைதாகும் வரை அந்தக் குடும்பத்தில் ஐந்தாயிரம்கூட இல்லை, கைதானதும் ஐம்பத்தைந்தாயிரம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று படித்துச் சொன்னதும் டிஸ்க் விலகிய முதுகு நேராகிறது. வேலை போனவருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. நம்மூர்ச் சிங்கத்தையும் அப்படி ஒரு மத்தியானம் போலீஸ்காரர் வேனில் ஏற்றப் போனார். கோர்ட் வாசலில் மாமா ஓடி வந்தார், தம்பி பைக்கில் வந்தார், அரைமணி நேரத்தில் பாக்கி முழுசும் கட்டியாகிவிட்டது. பணம் எங்கிருந்து வந்ததென்று குமாஸ்தா ரசீதில் பார்த்தார். செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் ரேகை வைத்த அம்மாவின் கணக்கிலிருந்து, ஜிபேயில்.